பச்சைப் பொட்டு

ஜூலை 7, ஞாயிறு

ஏழாவது பெட்டி வந்து சேர்ந்தது. மங்கலம்பேட்டை ஜமால் பாய் கடையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். குடும்பத்தோடு துபாய்க்குப் போய்விட்ட யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்ததாம். மேசைமேல் வைக்கிற கிராமபோன், குழல் கிடையாது, சுவிட்சர்லாந்து மோட்டார். தேக்கில் ஒரு மூலையில் மட்டும் கரையான் தடம்.

"ஓடுது தங்கச்சி, ஆனா வேகம் சொன்ன பேச்சு கேக்க மாட்டுது" என்றார் பாய். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு. அதில் வேகத்துக்கு ஒரு எழுத்து, மெதுவுக்கு ஒரு எழுத்து. இரண்டும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. வேகத்தின் பக்கம் திருப்பினால் தட்டு மெதுவாகிறது. பாய்க்கு இது ரிப்பேர். எனக்கு இது புதையல். பூதக்கண்ணாடி வைத்து ஆணிகளைப் பார்த்தேன். யாரும் கழற்றியதே இல்லை, ஆணித் தலை மேலும் மரத்தின் மேலும் ஒரே வார்னிஷ் ஓடுகிறது. தொழிற்சாலையிலேயே நடந்த பிழை. எனக்கு வேண்டியது அதுதான்.

தம்பி சேரன் வந்து எட்டிப் பார்த்தான். "ஊருல எல்லாரும் நல்லதா பாத்து வாங்குவாங்க. எங்க அக்கா மட்டும் கோணலா பாத்து வாங்கும்" என்று அவன் பெண்டாட்டி காவியாவிடம் சொல்லிச் சிரித்தான். பிறகு, "போன மாசம் ஒரு பெட்டி வந்துதே, அதுலயும் தப்பு இருந்துது. அத ஏன் வேணான்னுட்ட?" என்றான்.

"அது எவனோ ஏமாத்தி விக்கிறதுக்காகப் பேர்த் தகட்ட மாத்தி அடிச்சது. தெரிஞ்சு செஞ்சது பிழையில சேராதுடா. தெரியாம கை தவறுனதுதான் பிழை."

"நல்ல சட்டம்" என்றான்.

ஒவ்வொரு பெட்டிக்கும் அட்டை கட்டுவது வழக்கம். அட்டையில் மூன்று வரி. பொருள், பிழை, தப்பவிட்டது. மூன்றாவது வரியில் எப்போதும் 'யாரோ' என்றுதான் எழுதுவேன். நூறு வருடத்துக்கு முன்னால் எங்கோ ஓர் ஊரில் என்னைப் போல ஒருத்தி சோதனை மேசையில் உட்கார்ந்திருந்திருப்பாள். அன்றைக்கு அவளுக்குத் தலைவலியோ, வீட்டுக் கவலையோ, இது அவள் கையைத் தாண்டிப் போய்விட்டது. அவளை எனக்குப் பிடிக்கும். நான் அவளைப் போல் இல்லை என்பதால் பிடிக்கிறதோ என்னவோ.

ஜூலை 10, புதன்

இன்று ஆயிரத்து நானூறு பீங்கான் தட்டினேன். கம்பத்தில் கரண்ட்டுக் கம்பியைத் தாங்குகிற வெள்ளைப் பீங்கான்தான் எங்கள் கம்பெனியில் செய்வது. சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, சின்ன மரச் சுத்தியால் ஒரு தட்டு. ணங் என்றால் நல்லது. டொக் என்றால் உள்ளே கோடு விட்டிருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, தூக்கி உடைக்க வேண்டும். நல்லதற்கு உள்பக்கம் பெயின்ட்டில் ஒரு பொட்டு. எதிரில் உட்காரும் துர்காவுக்குச் சிவப்பு. எனக்குப் பச்சை. எந்த மாதத்து மால் என்று அடியில் எண் குத்தியிருக்கும்.

வாங்குகிறவர்கள் நூற்றில் இரண்டை மட்டும் மிஷினில் வைத்துப் பார்ப்பார்கள். மீதித் தொண்ணூற்றெட்டுக்கும் நான்தான் மிஷின். முப்பத்திரண்டு வருடம். பின்னால் களிமண் அரைக்கிற உருளை மில் நாள் பூரா கடகடக்கும், அதற்கு நடுவிலும் ஒரு டொக் என் காதைத் தாண்டியதில்லை. சேரன் லைன்மேன். வேப்பூர்ப் பக்கம் அவன் ஏறுகிற கம்பத்தில் என் பச்சைப் பொட்டுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அதனால் தைரியமாக இருப்பேன்.

ஜூலை 21, ஞாயிறு

ஏழாவது பெட்டியில் இன்னொரு பிழை! ஒன்றுக்கு இரண்டு.

சேரனோடு ஜோடியாக வேலை பார்க்கிற விருத்தகிரி சாப்பிட வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பென்றால் அந்தப் பையன் திட்டக்குடியிலிருந்தே மோப்பம் பிடித்து வருவான். வயது இருபத்தேழுதான் ஆகிறது, நாலு பேர் சோறு சாப்பிடுவான். சாப்பிட்டதும், "பாட்டு வையுங்களேன் அக்கா" என்றான். என் நாகஸ்வர இசைத்தட்டை வைத்தேன். நாகஸ்வரம் வருகிறது, தவில் வருகிறது, கூடவே குட்டி ஜால்ராவாக வரும் கைத்தாளத்தைக் காணோம். எத்தனை வருடமாகக் கேட்கிற தட்டு, எந்த இடத்தில் கைத்தாளம் விழும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தப் பெட்டி அதை விழுங்கிவிடுகிறது. ஊசிக்கு மேலே இருக்கிற சவுண்ட் பாக்ஸில் ஏதோ தப்பாகப் பூட்டியிருக்கிறார்கள். மெல்லிய சத்தத்தை மட்டும் தின்கிற சவுண்ட் பாக்ஸ். இப்படி ஒன்றை யாரும் சொல்லிக்கூட நான் கேட்டதில்லை.

விருத்தகிரி கண்ணை மூடி, தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே கேட்டான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சவுண்ட் பாக்ஸைக் கழற்றினேன். சத்தம் எழுப்புகிற மைக்காத் தகடு முழுசாக இருக்கிறது. சுற்றியுள்ள ரப்பர் வளையம்கூட எப்போதோ புதிதாகப் போட்டது, மெத்தென்று இருக்கிறது. ஊசி பிடிக்கிற கை ஆடவில்லை. எங்கே பிழை? திரும்பப் பூட்டிப் போட்டேன். கைத்தாளம் இல்லை.

இத்தனை வருடத்தில் காரணம் தெரியாத பிழை ஒன்றுகூட என் கையில் அகப்பட்டதில்லை. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். அப்படி இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

புதுச்சேரி போனேன். சொர்ணாம்பாள் டீச்சரிடம் இருபது பெட்டிக்கு மேல் இருக்கிறது, என்னைவிட விவரம் தெரிந்தவர். தட்டையும் சவுண்ட் பாக்ஸையும் கொண்டுபோய் அவர் மிஷினில் மாட்டிப் போடச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "கைத்தாளம் கணீர்னு கேக்குதே பெரியநாயகி" என்றார்.

எழுபது வயதாகிறது. காது மங்கியிருக்கும், ஒத்துக்கொள்ள மனசில்லை. இல்லாவிட்டால் பெட்டியை என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார். சேகரிக்கிறவர்கள் குணம் எனக்குத் தெரியாதா. காப்பி கொடுத்தார், பாதி குடித்து வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 21, புதன்

நான் பொட்டு வைத்து அடுக்கிய தட்டிலிருந்து துர்கா ஒரு பீங்கானை எடுத்துத் தட்டினாள். "அக்கா, இது ஒரு மாதிரி இல்லீங்க?"

வாங்கித் தட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. "நீ வந்து ஆறு வருஷம் ஆவுதா? நான் தட்ட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, சூளைப் பக்கம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதை என் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன்.

காலையில் சந்தேகத்துக்கு நாகஸ்வரத் தட்டை மூன்றாவது பெட்டியில் போட்டேன். வருடக்கணக்கில் நன்றாகப் பாடிய பெட்டி. கைத்தாளம் இல்லை. ஐந்தாவதில் போட்டேன். இல்லை. பிறகு ஏழையும் வரிசையாகத் தரையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் புது ஊசி மாட்டி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டேன். சாவி கொடுத்துக் கொடுத்துத் தோள் விட்டுப்போயிற்று. ஏழிலும் இல்லை.

ஏழு பெட்டியிலும் ஒரே பிழை இருக்க முடியுமா? மூன்று நாட்டில் செய்தவை.

தட்டு தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்கட்டும் என்று சாமியைக்கூடக் கும்பிட்டேன். அடுப்படியில் காவியா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"காவியா, இதுல கைத்தாளம் கேக்குதா?"

"கேக்குதே அண்ணி. ஏன், நல்லாத்தான் இருக்குது."

"எங்க விழுதுன்னு கையத் தட்டு பாப்போம்."

தட்டினாள். எங்கெல்லாம் விழ வேண்டுமோ அங்கெல்லாம் தட்டினாள். அவள் கை சரியான இடத்தில் சேருகிறது, எனக்கு அங்கே வெறும் காற்று. அவள் சிரித்துக்கொண்டே தட்டுகிறாள்.

பெட்டியில் பிழை இல்லை. என் காதில்தான். எப்போதிலிருந்து? ஜூலைக்கு முன்னாலேயே இருந்திருக்கும். அப்படியானால் ஜூலையில் தட்டியது, ஆகஸ்டில் தட்டியது - துர்கா எடுத்துக் காட்டினாளே, அது? அது எங்கே போச்சு இப்ப? எந்தக் கம்பத்துல இருக்குது?

நாளைக்குக் காலையில் முதல் வேலையாக மேனேஜரிடம் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 23, திங்கள்

மேனேஜர் குருமூர்த்தி அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "நானே கூப்பிட இருந்தேன், உக்காருங்க. மழை சீசன் ஆர்டர் வந்திருக்குது. அக்டோபர் மால் பூரா நீங்களே பாத்துடுங்க. மத்தவங்க தட்டுனா எனக்குத் தூக்கம் வராது."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என்னைச் சொல்ல வேண்டும். காது போனவளுக்கு அங்கே என்ன வேலை? பேக்கிங்கில் வைக்கோல் சுற்றுகிற வேலை. நேற்று வரைக்கும் ஏய் என்று நான் அதட்டிய பெண்களோடு தரையில் உட்கார்ந்து வைக்கோல் சுற்ற வேண்டும். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

வழி கண்டுபிடித்துவிட்டேன். காது இல்லாவிட்டால் என்ன, விரல் இருக்கிறது. தட்டியதும் நல்ல பீங்கான் இடது கை விரல் நுனியில் கொஞ்ச நேரம் நடுங்குகிறது. கோடு விட்டது சட்டென்று அடங்கிவிடுகிறது. இரண்டு வாரமாக அப்படித்தான் பார்த்துப் பொட்டு வைக்கிறேன்.

சோதித்துப் பார்க்கக் கழிவிலிருந்து பத்தும் நல்லதில் பத்தும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விளையாட்டு என்று சொல்லிக் காவியாவைக் கலைத்து வைக்கச் சொன்னேன். அவள் காதால் சொல்ல வேண்டும், நான் விரலால். இருபதில் பதினேழு சரி.

நல்ல கணக்குத்தான். மூன்றுதானே.

இருபதில் மூன்று என்றால் ஆயிரத்து நானூற்றில் எத்தனை என்று இதே பக்கத்தின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். போட்டதை அடித்துவிட்டேன். பாதிக்குப் பாதி கழிவு இருந்தது இந்த விளையாட்டில்தான், சூளையிலிருந்து வருவதில் கோடு விட்டது நூற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதில் என் விரலுக்குத் தப்புவது அதைவிடக் குறைவுதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

சேரன் நேற்று வேலை முடிந்து வந்தவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். "கண்ண மூடு" என்றான். மூடினேன். கையில் கனமாக ஏதோ வைத்தான். பீங்கான்.

"உனக்குத்தான். எட்டாவது. நூலு மாரி கோடு போவுது பாரு. எல்லாரும் தூக்கிப் போடச் சொன்னாங்க. எங்க அக்கா தப்பு சேக்கிறவங்க, குடுங்கன்னு வாங்கியாந்தேன்."

எங்கிருந்து கழற்றினான் என்று கேட்டேன். வேப்பூர் தாண்டி ஒரு ஊர். ஆராயி என்று ஒரு அம்மாவின் ஆடு, கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கிற கம்பியில் உரசியிருக்கிறது. அங்கேயே விழுந்து செத்துப்போயிற்று.

"மழத் தண்ணி கோட்டுக்குள்ள எறங்கி, கரண்ட்டு கம்பத்துக்கு வந்துடுச்சு அக்கா. அந்தம்மா ரெண்டடி தள்ளி நின்னுட்டு இருந்துருக்குது. நல்ல நேரம், ஆட்டோட போச்சு."

உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மழை படாத இடம், பொட்டு அப்படியே புதிதாக இருக்கிறது. பச்சை. அடியில் ஆகஸ்ட் மாதத்து எண். அவனுக்கு அதெல்லாம் தெரியாது, கம்பெனியில் இருக்கிற எங்களுக்குத்தான் தெரியும்.

அவன் பார்த்துக்கொண்டே நின்றதால் அட்டை எழுதினேன். பொருள்: பீங்கான். பிழை: உள்கோடு. மூன்றாவது வரி வந்ததும் கை நின்றுவிட்டது.

"யாரோன்னு எழுதேன்" என்றான்.

"அப்புறம் எழுதுறேன்டா."

இது ஆகஸ்ட் மால். அப்போது எனக்குத் தெரியாது. ஆகவே இது பிழைதான், நியாயமாகப் பார்த்தால் பிழையில்தான் சேரும். இதையே இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டேன். அக்டோபர் மால்? அதற்கு விரல் இருக்கிறது.

ஆனால் இனி முடியாது. சேரனிடமே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 21, திங்கள்

காவியா தீபாவளிக்கு ஊருக்குப் போகத் துணி எடுத்து வந்திருக்கிறாள். சேரன் புதுச் சட்டையைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறான். தீபாவளி கழியட்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி கழிந்தது.

நவம்பர் 13, புதன்

விருத்தகிரி விழுந்துட்டான்.

லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறியிருக்கிறான். கரண்ட்டு இல்லை. புதுப் பீங்கான் மாட்டி, கம்பியை அதன் கழுத்தில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தானாம். பீங்கான் இரண்டாகப் பிளந்து கம்பி ஒரு பக்கம் இழுத்துவிட்டது, கால் தவறிக் கீழே. இடுப்பு, முதுகு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சேரன் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன். "என் காலுகிட்ட வந்து விழுந்தான்" என்று காவியாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். இன்றைக்கு ஏற வேண்டிய முறை சேரனுடையதாம். சேரன் கையில் சிராய்ப்பு என்று அவனுக்குப் பதில் விருத்தகிரி ஏறியிருக்கிறான்.

சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்தேன். டிபன் பாக்ஸுக்கு அடியில் துணி சுற்றிப் பாதிப் பீங்கான். இந்த முறை எனக்கென்று கொண்டுவரவில்லை. ஆபீசில் காட்ட வைத்திருக்கிறான். பிளந்த இடத்தில் பாதி வெள்ளை, பாதி பழைய அழுக்கு நிறம். கோடு முன்னாலேயே இருந்திருக்கிறது.

பச்சைப் பொட்டு. அடியில் பத்து. அக்டோபர்.

எனக்குத் தெரியும். இத வைக்கும்போது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வெச்சேன். ஒண்ணரை மாசமா வாய மூடிட்டு இருந்தேன், சட்ட வாங்கணும் தீபாவளி வரணும்னு - எந்தச் சட்டை? எவன் தீபாவளி? ஞாயித்துக்கிழமை மீன் கொழம்புக்கு வர்ற புள்ள.

நவம்பர் 14, வியாழன்

காலையில் சேரன் சட்டை போடும்போது சொன்னேன். பச்சைப் பொட்டு யாருடையது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். காது போனது, விரலால் பார்த்தது, எல்லாம். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எப்பத்துலருந்துக்கா தெரியும்?" என்றான்.

தேதி சொல்ல வரவில்லை. அவனே, "ஆட்டுக்கு முன்னியா, அப்புறமா? அத மட்டும் சொல்லு" என்றான்.

"முன்னியே."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது கம்பெனிக்குக் கிளம்புகிறேன், குருமூர்த்தியிடம் சொல்ல. இதை எழுதி முடித்ததும் இந்த நோட்டைக் காவியாவிடம் கொடுத்து அவனுக்குக் கொடுக்கச் சொல்வேன். தேதி எல்லாம் இதில் இருக்கிறது. அவன் படிக்கட்டும்.

டிசம்பர் 8, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நோட்டு திரும்பி வந்தது, காவியா கையில். செப்டம்பர் 22 பக்கத்தின் மூலை மடித்திருக்கிறது. வேறு எங்கும் ஒரு குறி இல்லை.

நான் பேக்கிங்கில் இருக்கிறேன். வைக்கோல் சுற்றுவது நான் நினைத்த அளவுக்கு ஒன்றும் இல்லை, கை அரிக்கிறது, அவ்வளவுதான். இதற்குப் பயந்துதான். துர்கா என் மேசையில் உட்கார்கிறாள். ஜூலையிலிருந்து நான் பச்சைப் பொட்டு வைத்த பீங்கான்களைக் கம்பம் கம்பமாக ஏறிக் கழற்றிக்கொண்டு வருகிறார்கள். ஏறுகிறவர்களில் சேரனும் உண்டு. வந்ததையெல்லாம் துர்கா மறுபடி தட்டுகிறாள். இதுவரை ஒன்பது டொக். அவள் தட்டும்போது நான் தலையைத் தூக்குவதில்லை. தூக்கினாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை.

போன ஞாயிறு விருத்தகிரியைப் பார்க்கப் போனேன். கம்பி வண்டியைப் பிடித்து நடக்கிறான். இனிமேல் கம்பம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "பாட்டுப் பெட்டி நல்லாருக்குதுங்களா அக்கா?" என்று கேட்டான். அவனிடம் யாரும் சொல்லவில்லை. நானே சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் அம்மா எனக்குக் கொண்டுவந்த டீயை உள்ளேயே எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் சேரனுக்கு வேண்டியதைக் காவியாதான் கேட்கிறாள். அவன் என்னோடு பேசுவதில்லை.

ஆகஸ்ட் பீங்கானின் அட்டையில் மூன்றாவது வரியை நிரப்பினேன். தப்பவிட்டது: பெரியநாயகி. அலமாரியில் எட்டாவதாக வைத்தேன்.

இன்று காலை எழுந்து வந்து பார்த்தால் அலமாரிக்குக் கீழே, தரையில், அந்தப் பாதிப் பீங்கான். ஆபீசில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறான். என் அட்டைகளிலேயே ஒன்றை எடுத்து, என்னைப் போலவே நூல் கோத்துக் கட்டியிருக்கிறான். மூன்று வரியும் இல்லை. சேரன் கையெழுத்தில் ஒரே வரி.

'இது பிழையில சேராது அக்கா.'

எடுத்து அலமாரியில் வைக்க முடியாது. தூக்கிப் போடவும் முடியாது. அவன் வைத்த இடத்திலேயே இருக்கிறது. காவியா அதைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.